நாலாவது பாட்டில் ஒரு கீறல்

இன்று காலை மாலா தன் கைபேசியை வைத்துக்கொண்டு, உன் ரெக்கார்டைப் பற்றி ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதியதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினாள். அலமாரியைச் சுத்தம் செய்கிறேன் என்று ஆரம்பித்தவள், உன் சேலைகளுக்கு அடியிலிருந்து அந்த ரெக்கார்டு அட்டையை எடுத்துவிட்டாள். அந்துருண்டை வாசம் கூடம் முழுக்கப் பரவியது. அந்த வாசத்தோடு நீயும் வந்துவிடுவாய் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. உனக்கே தெரியும். தும்மல்தான் வந்தது.

"அப்பா, இது பெரிய கிளாசிக்காம்லா. உலகம் பூரா பேசிக்கிறாங்க. கேளுங்க," என்று நம் மகள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. உன்னைப் போலவே சாயம் பூச மாட்டேன் என்கிறாள். ஒருவர் இந்தப் பாட்டுகளைக் கேட்டுத்தான் துக்கத்திலிருந்து எழுந்தாராம். இன்னொருவருக்கு முதல் பக்கம்தான் உயிராம், இரண்டாம் பக்கம் சுமாராம். குளிர் நாட்டுக்காரர் ஒருவர், வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்கிற அளவுக்கு வைத்துக் கேட்டால்தான் கேட்ட மாதிரி என்கிறார். ஒரே ஒரு ஆசாமி மட்டும், எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது, எதற்கு இவ்வளவு ஆட்டம் என்று எழுதி, அஞ்சு நட்சத்திரத்தில் ரெண்டு மட்டும் போட்டிருக்கிறார். அச்சு அசல் என் தாய்மாமன். மாமா இன்று இருந்திருந்தால் அந்த ரெண்டையும் போட்டிருக்க மாட்டார்.

இப்போது இதை ரெகே என்கிறார்கள். நமக்கு அன்றைக்கு அந்தச் சொல் தெரியாது. உன் அப்பாவுக்கு அது நொண்டித் தாளம். என் அம்மாவுக்கு அந்தச் சனியன். மெர்டேக்கா, அதான் நாட்டு விடுதலை, கிடைத்த நாளில் பிறந்த பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியை முடிக்கிற வயசுக்கு வந்துவிட்ட சமயம் அது. வெள்ளைக்காரப் பட்டாளம் கடற்கரை முகாமைக் காலி செய்துகொண்டிருந்தது. நீ கஜா பெராங்கில் உன் அப்பா வீட்டு முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, பட்டாளத்து வீட்டுப் பெண்களுக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாய். அவர்களில் ஒருத்தி ஜமைக்கா என்ற தீவில் பிறந்தவள், கணவனோடு இங்கிலாந்து வழியாக மலாக்காவுக்கு வந்தவள். ஊருக்குக் கிளம்பும்போது உன் கையில் ஒரு ரெக்கார்டையும், அதைப் போட்டுக் கேட்க, மூடியே ஸ்பீக்கராக இருக்கும் ஒரு சிவப்புப் பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனாள். கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களைத்தான் கொடுத்தாள் என்று நான் சொன்னபோதெல்லாம் நீ கோபித்துக்கொண்டாய்.

அந்த ரெக்கார்டை நீ போட ஆரம்பித்த பிறகு, உங்கள் தெருவில் அபிப்பிராயம் சொல்லாத ஆள் இல்லை. இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ஒரு கால் குட்டையான ஆளு படி ஏறுற மாதிரி இருக்கு," என்றாராம் உன் அப்பா. சாமி அறைக்குக் கேட்காமல் வைத்தால் தனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை என்பது உன் அம்மாவின் தீர்ப்பு. பக்கத்து வீட்டு பிபிக், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி குடும்பத்துப் பெரியம்மா, கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக நெற்றியில் விபூதியோடு இருப்பாரே, அவருக்குத் தமிழில் சாமி பேரும் பலகாரப் பேரும்தான் வரும். வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சம்பால் இடித்துக்கொண்டே கேட்பாராம். பாட்டில் தாளத் தட்டு விழாமல் ஒரு இடம் காலியாக இருக்கும் இல்லையா, அங்கே அவர் கையுலக்கை விழுமாம். "செடாப் ஜுகா," என்பாராம். நன்றாகத்தான் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தெருவில் அந்த ரெக்கார்டுக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

உனக்கு ஏன் பிடித்தது என்று கேட்டதற்கு நீ சொன்னது இது: "இதைப் போட்டா தையல் நேரா ஓடுதுங்க."

நான் அப்போது செமாபோக்கில் இருந்தேன். தண்ணீர் இலாகாவில் மீட்டர் படிக்கும் வேலை. சைக்கிளை எடுத்துக்கொண்டு உஜோங் பாசிர் வரைக்கும் போவேன். வீட்டுக்காரர் குழாய் ஒழுகுது என்பார், வீட்டுக்காரி இலாகா ஏமாத்துது என்பாள், நான் தலையை ஆட்டிவிட்டு முள் காட்டுவதை எழுதிக்கொண்டு வருவேன். என் குணமே அப்படி ஆகிவிட்டது என்று அம்மா திட்டுவார். "எதைக் கேட்டாலும் மரம் மாதிரி நில்லு," என்பார். அந்த மரத்துக்குத்தான் பெண் பார்க்கக் கஜா பெராங்குக்கு அழைத்துக்கொண்டு வந்தார்.

உனக்கு அது மூன்றாவது இடம். முதல் இடத்துக்காரர்கள் உன்னைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, தொண்டை கட்டை என்று சொல்லியனுப்பினார்கள். இரண்டாம் இடத்துக்காரர்கள் அதையும் சொல்லியனுப்பவில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்குக் கட்டிக் கொடுத்துவிடுவதென்று உன் அப்பா முடிவு செய்திருந்தார். அந்தக் கிராணிக்கு மனைவி தவறிவிட்டாள், உன் தோள் உயரத்துக்கு ஒரு மகன். "மிஷினை எடுத்துட்டுப் போகலாமான்னு அப்பாகிட்டக் கேட்டேன். தோட்டத்துல யாருக்குத் தைக்கப் போறேன்னாரு," என்று பிற்பாடு ஒரு நாள் சொன்னாய். அதைச் சொல்லும்போது நீ என்னைப் பார்க்கவில்லை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா, மாமா, நான், மூன்று பேரும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, கோப்பி வந்தது. நீ வந்து கும்பிட்டுவிட்டு நின்றாய். எல்லா வீட்டிலும் கேட்பதுதானே, அம்மாவும் கேட்டார்: "பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டுமே."

உன் அம்மா உன் முதுகில் கை வைத்தார். நீ நகர்ந்து மூலைக்குப் போய், அந்தச் சிவப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினாய்.

"எனக்குப் பாட வராதுங்க. கேக்க வரும்," என்றாய். முள்ளை வைத்தாய்.

நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். முதலில் அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி ஒரு கனமான கம்பி ஓசை. அதற்கு மேலே கிதார், வர வேண்டிய இடத்தில் வராமல், வந்த பிறகு ஏன் வந்தாய் என்று கேட்கிற மாதிரி வெட்டி வெட்டி. பாடுகிறவர் கெஞ்சுகிறாரா குறை சொல்கிறாரா என்று தெரியவில்லை. மாமா பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்னாங்க கூத்து, பேய் ஓட்டவா?" என்றார். உன் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. "அது... பட்டாளத்துக்காரங்க பாட்டு," என்று இழுத்தார். கொல்லை வாசலில் கூவே பலகாரத் தட்டோடு வந்து நின்ற பிபிக், நிலைமை தெரியாமல், "செடாப் ஜுகா," என்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.

அம்மா மூன்று பாட்டு வரைக்கும் பொறுத்தார். அவருடைய பொறுமைக்கு அது அதிகம். நாலாவது பாட்டு பாதியில் இருக்கும்போது எழுந்தார். "போதும்மா, நிறுத்து!" என்றார். நிறுத்துவது எப்படி என்று உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்காமல் தானே போய், வளையல் கையால் அந்த முள்ளுக் கையைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று ஒரு சத்தம். துணி கிழிகிற மாதிரி. அதற்கப்புறம் சத்தமே இல்லை.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். நீ மட்டும் ரெக்கார்டைப் பார்த்தாய். அதை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, கீறல் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தாய். அழவில்லை. உன் அப்பா, "உள்ள போ," என்றார். நீ போகவில்லை. ரெக்கார்டைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாய்.

"எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையே," என்றாய்.

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்தது மீட்டர் ஒன்றுதான்.

"முள்ளு ஓடிக்கிட்டு இருக்கறப்ப ரீடிங் எழுத முடியாதுங்க. இன்னொரு பக்கம் இருக்குல்ல? அதையும் போடுங்க," என்றேன்.

மாமாவுக்குப் புரையேறியது. நீ ரெக்கார்டைத் திருப்பிப் போட்டாய்.

அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டோம். கேசரியில் யாரும் கை வைக்கவில்லை. கோப்பி ஆறி ஆடை கட்டியது. அம்மா என்னை முறைத்த முறைப்பில் சாதாரண மகன் எழுந்து ஓடியிருப்பான். பிபிக் மட்டும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் முள்ளை எடுத்துவிட்டு, "இப்ப?" என்று கேட்டாய்.

"புரியல. பிடிக்கலன்னு சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை கேக்கணும்."

நீ அப்போது சிரித்தாய் என்று மாலாவிடம் சொல்லியிருக்கிறேன். சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாய், சரியான அளவு சொன்ன ஆளிடம் தையல்காரர்கள் ஆட்டுவார்களே, அப்படி.

திரும்பி வரும் வாடகைக் காடியில் அம்மா சொன்னார்: "அந்தப் பொண்ணு வேணாம்டா."

"எனக்கு அந்த ரெக்கார்டை இன்னொரு தடவை கேக்கணும்மா."

"அதுக்குக் கல்யாணமா பண்ணுவாங்க?"

"வேற எப்படிக் கேக்கறது?"

மாமா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். "இவன் கெட்டான்," என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவர் சீனர், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். செமாபோக் வந்து சேரும் வரைக்கும் அம்மா என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரமும் பேசவில்லை. நான் சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், வந்தேன், கேட்டதற்கெல்லாம் அதே பதிலைச் சொன்னேன். மரத்தோடு எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது. கடைசியில் அவரே தட்டு மாற்ற நாள் பார்த்தார்.

துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டினேன். கட்டும்போது பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள், மேளக்காரர் சற்று நிறுத்திவிட்டு மறுபடியும் அடித்தார். தையல் மிஷின் லாரியில் வந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நீயே உட்கார்ந்து வந்தாய்.

கீறல் விழுந்த ரெக்கார்டை நீ முதல் முறையாக நம் வீட்டில் போட்டபோது நான் பயந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தார். மூன்று பாட்டு போனது. நாலாவது பாட்டில், பாடுகிறவர் ஒரு வார்த்தையை ஆரம்பிக்கும்போதே முள் டக்கென்று தாவி, சம்பந்தமில்லாத வேறொரு இடத்தில் போய் விழுந்தது. நீ மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்:

"அத்தை வந்துட்டாங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. போச்சுடா, இன்றைக்கு வீடு ரெண்டுபடும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டி மறுபடியும் ஓடியது. அவ்வளவுதான். அடுத்த ஞாயிறும் போட்டாய், அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் அதையே சொன்னாய். அதில் பகை இல்லை என்று அம்மாவுக்கு எப்போது தெரிந்ததோ எனக்குத் தெரியாது. மாலா வயிற்றில் இருந்த சமயம், உனக்குக் கால் வீங்கி நீ படுத்திருந்தாய். நான் ரெக்கார்டைப் போட்டேன். நாலாவது பாட்டில் முள் தாவியது. நீ வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டேன், வந்துட்டேன்! இந்தச் சனியனை வச்சுக்கிட்டு ஒரு ரசம் வைக்க முடியுதா?"

நீ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாய். கட்டில் ஆடியது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அம்மாவுக்குக் கேட்காமல் சிரித்தேன். கடைசி வரைக்கும் அம்மாவுக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. கேட்டால் சகிக்கல என்பார். ஆனால் வீட்டில் யாராவது ஞாயிற்றுக்கிழமை அதைப் போடாமல் விட்டால், இன்னிக்கு என்ன வீடு இழவு விழுந்த மாதிரி இருக்கு என்பதும் அவர்தான்.

அவர் போன பிறகு வருஷ திவசம் முடியும் வரை நாம் பெட்டியைத் திறக்கவில்லை. திவசம் முடிந்த ஞாயிறு நீ போட்டாய். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். நாலாவது பாட்டு வந்தது. முள் தாவியது. "அத்தை வந்துட்டாங்க," என்றாய், மெதுவாக. எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் வீணாய்ப் போனது. நீ வந்து குழாயை மூடிவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாய். அதற்காக உன்னிடம் நான் நன்றி சொன்னதில்லை. நம் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

ஒவ்வொரு கல்யாண நாளிலும் இரண்டு பக்கத்தையும் போட்டுவிட்டு, "இப்ப?" என்று கேட்பாய். "இன்னொரு தடவை கேக்கணும்," என்பேன். உனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. என் அபிப்பிராயத்தை வாங்கி என்ன செய்யப் போகிறாய். போன வருஷம் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, கல்யாண நாளும் இல்லாத ஒரு நாளில் கேட்டாய். "இப்ப?" நான் அதே பதிலைச் சொன்னேன். "அப்ப வீட்டுக்குப் போவோம். போட்டுக் காட்டறேன்," என்றாய். மறுநாள் நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன்.

இனி இன்று நடந்தது.

எல்லார் அபிப்பிராயத்தையும் படித்து முடித்துவிட்டு மாலா, "கேளுங்கப்பா, புதுசா கிளீன் பண்ணி விட்டிருக்காங்க, சுத்தமா இருக்கு," என்று கைபேசியிலேயே போட்டாள். சுத்தமாகத்தான் இருந்தது. கரகரப்பு இல்லை. முதல் பாட்டு, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது வந்ததும் என்னை அறியாமல் நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். பாடுகிறவர் அந்த வார்த்தையை ஆரம்பித்தார். நான் காத்திருந்தேன்.

முடித்துவிட்டார். வார்த்தையை முழுசாக முடித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டார். அங்கே என்ன இருந்தது தெரியுமா? இத்தனை வருஷமும் நாம் கேட்காமல் விட்ட இடத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. அதே வரியைத் திரும்ப ஒரு முறை பாடுகிறார், பின்னால் ரெண்டு பேர் கூடச் சேர்கிறார்கள். அவ்வளவுதான். நீ கேட்டிருந்தால், இதுக்குத்தானா என்று உதட்டைப் பிதுக்கியிருப்பாய். அம்மா வரவில்லை. அத்தை வந்துட்டாங்க என்று சொல்லவும் ஆள் இல்லை. பாட்டு தடங்கல் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

"எப்படிப்பா? எத்தனை ஸ்டார் போடலாம்?" என்று மாலா கேட்டாள்.

"இது வேற ரெக்கார்டு. இதுல பாட்டி இல்ல. அம்மாவும் இல்ல," என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே நிற்கிற விதம் அப்படியே உன்னைப் போல.

நானே பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். வேலை செய்கிறது. உன் அளவுக்கு எனக்கு விரல் நிதானம் போதாது, முள்ளை இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது. மூன்று பாட்டு கரகரவென்று போனது. நாலாவது பாட்டில் முள் தாவியது. முறைப்படி பார்த்தால் எனக்கு அவர் அம்மா, அத்தை இல்லை. ஆனாலும், "அத்தை வந்துட்டாங்க," என்று சொன்னேன். அடுப்படியில் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே ஓடட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு போய் மூடினேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நான் கூடத்துக்கு வந்தபோது முதல் பக்கம் முடிந்து, முள் நடுவட்டத்தில் டிக் டிக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. கஜா பெராங்கில் நீ திருப்பிப் போட்ட அந்த நாளிலிருந்து, ரெக்கார்டைத் திருப்புவது எப்போதும் உன் வேலை. பழக்க தோஷம், நாற்காலியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் எழுந்து, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அதை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தேன். கீறல் அப்படியே இருக்கிறது.

திருப்பிப் போட்டேன். அது ஓடும்போதுதான் இதை எழுதுகிறேன். நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இன்னொரு தடவை கேட்க வேண்டும்.